பொழுதுபோக்கா, படைப்பா? – கெனத் கொக்கின் நூலொன்றை முன்னிட்டு

ஐக்கிய அமெரிக்காவிலே முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் 'செயற்பாட்டுப் பணிப்பாளர்' என்னும் பதவியைப் புதிதாக ஏற்கும் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். அவர் கைக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் இவைதாம்: சிறியதோர் அறை, ஓர் அலுமாரி நிறைந்த பழைய விளையாட்டுப் பொருட்கள், ஒவ்வொரு முதியவரிடமும் கேட்டு நிரப்ப வேண்டிய வினாக்கொத்து, அடுத்த மாதத்துக்குரிய வெறுமையான நாட்காட்டி. நாட்காட்டியின் முப்பது கட்டங்களையும் காலை, பிற்பகல், மாலை என்று பிரித்து நிரப்பியாக வேண்டும். திங்கட்கிழமை பிங்கோ, செவ்வாய்க்கிழமை பலூன் தட்டுதல், புதன்கிழமை பாட்டு, வியாழக்கிழமை மறுபடியும் பிங்கோ. கட்டம் வெறுமையாயிருந்தால் மேலாளர் கேள்வி கேட்பார். அரசாங்கப் பரிசோதகர் வந்தால் அவரும் கேட்பார். கட்டம் நிரம்பியிருந்தால் பெரும்பாலும் எவரும் எதுவும் கேளார்.

இப்பதவியைப் பற்றி இலக்கிய ஏடொன்றில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் வினவலாம். நம் நாட்டினின்றும் புலம்பெயர்ந்த இளைஞரும் பெண்களும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் இத்தகைய இல்லங்களிற் பணிபுரிகின்றனர்; ஆகவே இது முற்றிலும் பிறர் வீட்டுச் செய்தி அன்று. ஆயினும் நாம் இதனை எடுத்துக்கொண்டமைக்கு அது முதற் காரணமன்று. உழைத்து வாழ்ந்த மனிதன் உழைப்பிலிருந்து நீக்கப்பட்ட பின்னர் அவனுக்கு எஞ்சுவது யாது என்ற வினா இப்பதவியின் நடுவிலே நிற்கின்றது. அவ்வினாவை ஒரு கவிஞர் நேரிற் சந்தித்தார். அதுபற்றி நூலொன்றும் எழுதினார். அந்நூலை நம் விமரிசகர் எவரும் எடுத்துப் பேசியதாக நாம் அறியோம். முதியோர் இல்லங்களிற் புதிதாகப் பணியேற்போர் கையில் அது தவறாது இருத்தல் வேண்டும் என்பது நம் எண்ணம். எனினும் அதன் குறைகளையும் அறிந்தே அதனைக் கையிலெடுத்தல் வேண்டும்.

நூலுக்கு வருமுன் பதவி தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று. 1965 ஆம் ஆண்டில் மெடிக்கெயர், மெடிக்கெயிட் என்னும் இரு திட்டங்களும் அமெரிக்காவிற் சட்டமாயின. அரசாங்கப் பணம் முதியோர் இல்லங்களுக்குப் பாய்ந்தது. பணம் பாயுமிடத்தைத் தேடித் தனியார் முதலும் வந்தது. அடுத்த இருபதாண்டுகளில் அவ்வில்லங்களின் அவலத்தைப் பற்றிய முறைப்பாடுகள் பெருகின. அவற்றின் விளைவாக 1987 டிசெம்பரில் நிறைவேறிய சட்டம், ஒவ்வோர் இல்லமும் அங்கு வாழ்வோரின் விருப்பங்களுக்கும் உடல், உள, சமூக நலத்துக்கும் ஏற்ற செயற்பாட்டுத் திட்டமொன்றைத் தகைமை பெற்ற ஒருவரின் நெறிப்படுத்தலில் இடையறாது நடத்த வேண்டுமென விதித்தது. அத்தகைமையோ பெரிதன்று. தொழில்வழிச் சிகிச்சையிலோ பொழுதுபோக்குச் சிகிச்சையிலோ தேர்ந்தவராயிருக்கலாம். இறுதி ஐந்து ஆண்டுகளுக்குள் இத்துறையில் இரண்டாண்டு அனுபவம் பெற்றவராயிருக்கலாம். அல்லது அந்தந்த மாநிலம் ஏற்றுக்கொண்ட பயிற்சி வகுப்பொன்றை முடித்தவராயிருந்தாலும் போதும். சட்டம் நல்ல சட்டமே. முதியவர் வெறும் உடல் அல்லர், உணவும் மருந்தும் ஊட்டி முடித்தால் கடமை தீர்ந்துவிடாது என்பதை ஒரு முதலாளித்துவ அரசு எழுத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தமை சிறு வெற்றி அன்று.

ஆயின் எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது வினாக்கொத்தாக மாறும்போது என்ன நிகழ்கிறது என்பதைக் காண வேண்டும். 2010 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த மதிப்பீட்டுப் பத்திரத்திலே செயற்பாடுகளைப் பற்றி எட்டு வினாக்கள் உள்ளன. வாசிப்பதற்குப் புத்தகமும் பத்திரிகையும் இருப்பது, விரும்பிய இசையைக் கேட்பது, வளர்ப்புப் பிராணிகளோடு இருப்பது, நாட்டு நடப்பை அறிவது, பலரோடு கூடிக் காரியம் செய்வது, தமக்குப் பிடித்தவற்றைச் செய்வது, காலநிலை நன்றாயிருக்கும்போது வெளியே சென்று காற்று வாங்குவது, வழிபாட்டிற் பங்குகொள்வது ஆகியவை உமக்கு எவ்வளவு முக்கியம் என்று முதியவரிடம் கேட்க வேண்டும். மிக முக்கியம், ஓரளவு முக்கியம், அவ்வளவு முக்கியமன்று, முக்கியமே அன்று என்று விடைகள் வரிசையாயுள்ளன. ஐந்தாவதாக இன்னொரு விடையும் உண்டு: முக்கியந்தான், ஆனால் என்னாற் செய்ய இயலாது, அல்லது தெரிவு என் கையில் இல்லை. பத்திரம் முழுவதிலும் மனிதக் குரல் கேட்கும் இடம் இதுவொன்றே எனத் தோன்றுகின்றது. வயலின் வாசித்த கை நடுங்குகின்றது என்பதும், முற்றத்துக்குக் கூட்டிச் செல்ல ஆளில்லை என்பதும் இந்த ஒரே விடைக்குள் அடங்குகின்றன. முன்னது இயற்கையின் வினை. பின்னது சமுதாயத்தின் வினை. பத்திரம் இரண்டுக்கும் ஒரே இலக்கத்தை இடுகின்றது.

எட்டு வினாக்களையும் மறுபடி வாசிப்பவருக்கு இன்னொன்றும் புலனாகும். அவற்றுட் பெரும்பாலானவை பெற்றுக்கொள்ளும் காரியங்கள். வாசிப்பது, கேட்பது, அறிவது, காற்று வாங்குவது. நீர் எதனை ஆக்குவீர், எவருக்கு எதனைக் கற்றுக் கொடுப்பீர், இந்த இல்லத்தின் எந்த வேலையை உம்மிடம் ஒப்படைக்கலாம் என்ற வினா அங்கில்லை. 1961 இல் வெளியான தமது நூலிலே, மனநோயாளர் விடுதிகள் போன்ற மூடிய நிறுவனங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஏர்விங் கொஃப்மன், அங்கு நிகழும் விளையாட்டு, நடனம், வகுப்பு முதலியவற்றுக்குத் தனிப்பெயர் ஒன்று வகுத்தார். உள்ளிருப்போர் தம் நிலையைச் சற்றே மறப்பதற்கு, தம்மிலிருந்து தாமே அகன்றிருப்பதற்கு உதவுபவை அவை என்பது அவர் கருத்து. நம் நாட்காட்டியின் கட்டங்களுக்கு இது மிகப் பொருந்தும். பிங்கோவை நாம் இழித்துரைக்கவில்லை. அதனை ஆவலோடு காத்திருந்து ஆடும் முதியவர் பலர். எண்ணைக் கூவும் குரலும், பக்கத்திலிருப்பவரின் சிரிப்பும், சிறு பரிசும் அவர்களுக்கு உண்மையான இன்பங்களே. ஆயின் மறப்பதற்கு உதவுவது ஒன்று. வாழ்வதற்கு உதவுவது வேறொன்று.

கெனத் கொக் இவ்வேறுபாட்டைக் கண்டவர். நியூயோர்க் கவிஞர் குழாத்தைச் சேர்ந்த அவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தார். 2002 இல் மறைந்தார். தொடக்கப் பள்ளிச் சிறுவருக்குக் கவிதை எழுதக் கற்பித்த அனுபவத்தை 1970 இல் நூலாக்கிப் பெயர் பெற்றவர், எழுபதுகளின் நடுவிலே நியூயோர்க்கின் லோவர் ஈஸ்ற் சைட் பகுதியிலுள்ள முதியோர் இல்லமொன்றுக்குச் சென்று அங்கிருந்தோர் சிலருக்குக் கவிதை வகுப்பு நடத்தினார். கேற் ஃபரெல் என்பவர் உடனிருந்து உதவினார். 'நான் எவருக்கும் சொன்னதில்லை' எனத் தமிழாக்கத்தக்க தலைப்போடு அந்நூல் 1977 இல் வெளிவந்தது. முன்னுரையாக வகுப்பின் வரலாறு, பின்னர் முதியோரின் கவிதைகள் என்பது அதன் அமைப்பு. கவிதைகள் ஒவ்வொன்றின் கீழும் இயற்றியவர் பெயர் உண்டு. 'அறை எண் இத்தனையில் உள்ள நோயாளி' என்றில்லாமல் பெயர் சுட்டப்பட்டமை சிறிய செய்தியாகத் தோன்றலாம். இல்லங்களின் கதவுகளிலே எண்களைப் பார்த்துப் பழகியவருக்கு அது சிறிதன்று.

யார் இந்தப் புலவர்கள்? எழுபது, எண்பது, தொண்ணூறு வயதினர். உலர்சலவை நிலையத்தில் வேலை செய்தவர், கடிதம் கொண்டு திரிந்தவர், சிற்றுண்டிச் சாலையிற் சமைத்தவர், பிறர் வீட்டில் ஏவல் செய்தவர் என்று கொக் கூறுகின்றார். பள்ளிப் படிப்புக் குறைந்தவர்கள், நோயாளிகள், சிலருக்குக் கண் தெரியாது, பலருக்குப் பேனை பிடிக்க இயலாது. அவர்கள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினர். எழுத இயலாதவன் எவ்வாறு கவிஞனாவான் என்று மேலைநாட்டு வாசகர் திகைக்கலாம். நமக்கு அத்திகைப்பு வேண்டியதில்லை. ஏட்டைத் தொடாத பெண்கள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் நம் மொழியின் செல்வங்கள் என்பதை நாம் காலந்தாழ்த்தியேனும் ஒப்புக்கொண்டுள்ளோம். உழைப்போரின் பேச்சு இலக்கியத்தில் இடம்பெறலாமோ என்று அறுபதுகளில் இந்நாட்டிலே பண்டிதர்களோடு நடந்த வழக்கும் இதனோடு தொடர்புடையதே. வாயாற் சொல்லி இன்னொருவர் எழுதினாலும் பாட்டுப் பாட்டே.

கொக்கின் முறை எளியது. எல்லாரும் ஒரே தொடரால் ஒவ்வோர் அடியையும் தொடங்குதல், ஒரு பொருளோடு பேசுவதுபோலப் பாடுதல், இதுவரை எவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்லுதல் என்பன போன்ற சிறு திட்டங்களை அவர் முன்வைத்தார். எதுகை வேண்டாம் என்றார். எழுதியவற்றை உடனே உரக்க வாசித்தார். இன்ன அடி இன்ன காரணத்தால் நன்றாயிருக்கிறது என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். சிறுவர்க்குரிய முறையை முதியவரிடம் கொண்டுவருவதில் ஓர் ஆபத்துண்டு. முதியோர் இல்லங்களின் பெருங்குற்றமே முதியவரைக் குழந்தையாக்குவதன்றோ! பலூனும் வண்ணக் காகிதமும் கொஞ்சு மொழியும் அதற்குச் சான்று. கொக் அவ்வாபத்திலிருந்து தப்பியமைக்குக் காரணம், வால்ற் விற்மனையும் டி. எச். லோறன்சையும் வில்லியம் கார்லோஸ் வில்லியம்சையும் அவர் அம்முதியோருக்கு வாசித்துக் காட்டியமையே. பல்கலைக்கழக மாணவருக்கு எந்தக் கவிதையோ, உலர்சலவைத் தொழிலாளிக்கும் அதே கவிதை. மதிப்பு என்பது இனிய முகத்தில் மட்டும் இல்லை. எதனைக் கொண்டுவந்து முன்னே வைக்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

நூலின் உயிர்நிலை என நாம் கருதுவது ஒன்றுண்டு. தமது வகுப்பைச் சிகிச்சை என்று அழைக்கக் கொக் மறுத்துவிட்டார். கவிதை முதியவரின் மனத்தை ஆற்றும், நேரத்தைப் போக்கும், அமைதிப்படுத்தும் என்ற நியாயங்களை அவர் நாடவில்லை. நல்ல கவிதை எழுதுவதே நோக்கம். அதனால் ஆறுதல் வருமாயின் வரட்டும் என்றிருந்தார். புதிதாகப் பணியேற்கும் செயற்பாட்டுப் பணிப்பாளர் முதலிலே கற்க வேண்டியதும் நிறுவனம் அவருக்குக் கற்றுக்கொடுக்க விரும்பாததும் இதுவே. ஏனெனில் அங்கு எல்லாம் சிகிச்சையின் மொழியிலேயே பேசப்படுகின்றன. பாட்டுப் பாடினால் இசைச் சிகிச்சை. நாய் வந்தால் பிராணிச் சிகிச்சை. செடிக்கு நீர் ஊற்றினால் தோட்டச் சிகிச்சை. ஒரு கிழவி கத்தரிச் செடி வளர்ப்பது கத்தரிக்காய்க்காக என்பதை அந்த மொழி மறந்துவிடுகின்றது. இசைவழிச் சிகிச்சை முதலியவற்றை முறையாகக் கற்றுப் பணிபுரிவோரின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மனிதச் செயல் யாவற்றையும் மருந்தாக்கிவிடும் மனப்பான்மையைத்தான் சுட்டுகின்றோம்.

இனிக் குறைகள். கொக் விருந்தினர். குறித்த நேரத்தில் வந்தார், வகுப்பு முடிந்ததும் சென்றார். மற்ற நேரமெல்லாம் அங்கிருந்தவர் யாவர்? சக்கர நாற்காலிகளைத் தள்ளி வகுப்புக்குக் கொணர்ந்து சேர்த்த கைகள் யாருடையவை? அமெரிக்க இல்லங்களில் அவ்வேலை பெரும்பாலும் தாதி உதவியாளரின் மேல் விழுகின்றது. அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். குறைந்த கூலிக்கு உழைப்போர். கறுப்பினத்தவரும் குடியேறியவரும் அவர்களிடையே மிகுதி. கவிஞரின் பார்வை முதியவரின் முகத்தில் அன்போடு நிலைக்கின்றது. நாற்காலியின் பின்னால் நிற்பவரிடம் அது போதிய அளவு செல்லவில்லை. இது தனிமனிதக் குறையன்று, அவர் சார்ந்திருந்த இலக்கிய நோக்கின் குறை. கற்பனை விடுதலை தரும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. வீட்டு வேலைக்காரிக்கு எண்பது வயதுவரை அவ்விடுதலை ஏன் எட்டவில்லை என்ற வினாவோ அவரது நூலில் முழு வினாவாக உருப்பெறவில்லை. எவருக்கும் சொல்லாதவற்றை அவர்கள் இறுதிக்காலம்வரை வைத்திருந்தார்கள் என்றால், அதுவரை எவரும் கேட்கவில்லை என்பதன்றோ பொருள்?

புதிய பணிப்பாளரும் இவ்விடத்தில் இடறுவதற்கு இடமுண்டு. நல்ல எண்ணத்தோடு பிற்பகல் இரண்டு மணிக்கு வாசிப்பு வட்டம் ஒன்றை அறிவிக்கிறார். பன்னிரண்டு பேர் வருவதாயிருந்தது, மூவர் வந்தனர். முதியோருக்கு ஆர்வமில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது எளிது. உண்மையிலோ, அந்த வேளையில் இரண்டு உதவியாளர் முப்பது பேரைப் படுக்கையிலிருந்து எழுப்பவும் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லவும் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். அவர்களின் பெயரைக் கூடக் கேட்டறியாமல் நாட்காட்டியை வரைந்தவருக்கு அது தெரிய நியாயமில்லை. தாதி உதவியாளரின் வேலை நேரத்தை முதலிலே கற்றுக்கொள்ளாத செயற்பாட்டுத் திட்டம் சுவரில் ஒட்டிய காகிதமாகவே இருக்கும்.

ஆட்குறை தற்செயலானதன்று. அமெரிக்காவிலே ஏறத்தாழ 15,000 இல்லங்களில் 12 இலட்சம் பேர் வாழ்கின்றனர். இல்லங்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு இலாபத்துக்காக நடத்தப்படுபவை. அங்கு வாழ்வோருட் பாதிக்கு மேற்பட்டோரின் செலவை வறியோர்க்கான மெடிக்கெயிட் ஏற்கின்றது. உள்வரும் பணம் ஏறத்தாழ வரையறைப்பட்டிருக்கையில் இலாபத்தைப் பெருக்க எங்கே குறைப்பது என்பதற்குக் கணக்கறிவு பெரிதாக வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 3.48 மணி நேரத் தாதியர் பராமரிப்பேனும் இருக்க வேண்டுமென 2024 இல் மத்திய அரசு விதியொன்றை வெளியிட்டது. இல்ல உரிமையாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2025 ஏப்பிரலில் ரெக்சசிலுள்ள மத்திய நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. அந்த 3.48 மணிக்குள்ளும் செயற்பாட்டுப் பணிப்பாளரின் நேரம் எண்ணப்படவில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

இங்கே இடதுசாரி வாசகரிடமிருந்தே ஓர் எதிர்ப்பு எழலாம். வாழ்நாள் முழுவதும் சுரண்டப்பட்டவரை முதுமையிலும் வேலை செய்யச் சொல்வதா? ஓய்வு அவர்களின் உரிமையன்றோ? நியாயமான கேள்வி. மார்க்சின் மருமகனான போல் லஃபார்க் 1880 இல் சோம்பியிருக்கும் உரிமையைப் போற்றி எழுதியதை நம் தோழர்கள் அறிவர். அதே லஃபார்க், முதுமை தம் ஆற்றலைப் பறிக்குமுன் போய்விடவேண்டுமென்று, 1911 இல் தமது 69 ஆம் வயதில் மனைவி லோறாவோடு உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதையும் அறிவர். சோம்பலைப் பாடியவருக்கே செயலற்ற முதுமை தாங்கொணாததாய்த் தோன்றியது. அவர் முடிவை நாம் ஏற்கவில்லை; அவர் அச்சத்தை எளிதாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. ஓய்வு என்பது தன் நேரம் தன் கையில் இருப்பது. எழும் நேரம், குளிக்கும் நேரம், உண்ணும் நேரம் யாவும் பிறர் வகுக்க, இடையே எஞ்சும் மூன்று மணி நேரத்தை ஓய்வு என்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி. நாம் கேட்பது கூலி வேலையை அன்று. பயன் உள்ள செயலை.

அத்தகைய முயற்சிகள் இல்லாமலில்லை. நியூயோர்க் மாநிலத்தின் சிற்றூரான நியூ பேர்லினிலுள்ள இல்லமொன்றிலே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வைத்தியர் பில் தோமஸ் இரண்டு நாய்களையும் நான்கு பூனைகளையும் நூறு பறவைகளையும் கொண்டுவந்த கதையை அதுல் கவாண்டே தமது 2014 ஆம் ஆண்டு நூலிற் கூறியுள்ளார். கதையின் வேடிக்கையை எல்லாரும் இரசிக்கின்றனர். நடக்கவே இயலாதவர் எனக் கருதப்பட்ட முதியவர்கள் நாயை உலாத்தக் கொண்டுசெல்வதாகத் தாமே முன்வந்தனர் என்பதே நமக்கு முக்கியம். மில்வோக்கியில் ஆன் பாஸ்ரிங் மேற்கொண்ட பணி கொக்கின் குறையை ஒருவாறு நிரப்புகின்றது. நினைவிழந்தோரிடம் நினைவைக் கேளாமல் ஒரு படத்தைக் காட்டிக் கதை கட்டச் சொன்னவர் அவர். பின்னர் ஹோமரின் ஒடிசியில் வரும் பெனலப்பியை நடுவாகக் கொண்டு முதியோர் இல்லமொன்றின் வாசிகள், ஊழியர், மாணவர், தொழில்முறை நடிகர் யாவரும் கூடி 2011 இல் அவ்வில்லத்திலேயே நாடகம் ஆடினர். காத்திருப்பவளின் கதையைக் காத்திருப்போரே ஆடியமை மட்டுமன்று, ஊழியரும் அதில் இடம்பெற்றமை நம் கவனத்துக்குரியது. எனினும் பல்கலைக்கழகமும் நடிகர் குழுவும் துணைக்கு வரும் இல்லங்கள் எத்தனை? ஒற்றையாய் நிற்கும் புதிய பணிப்பாளருக்கு அது தொலைவிலுள்ள விளக்கே.

அவருக்குக் கிட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. மேலே குறித்த மதிப்பீட்டுப் பத்திரத்தின் முதற்பகுதியில், கட்டாயமில்லை, விரும்பினால் நிரப்பலாம் என்று விடப்பட்ட நான்கு கட்டங்கள் உள்ளன. மருத்துவப் பதிவு எண், அறை எண், எப்பெயரால் அழைக்கப்பட விரும்புகிறார், வாழ்நாளிற் செய்த தொழில். ஒன்றுக்கு மேற்பட்ட தொழிலாயின் இடையே சாய்கோடு ஒன்று இட வேண்டுமாம். கொக் தமது நூலின் தொடக்கத்திலேயே சொன்ன செய்தி அரசாங்கப் பத்திரத்தில் அறை எண்ணுக்குப் பக்கத்தில், விட்டுவிட்டாலும் குற்றமில்லாத ஒன்றாக ஒதுங்கிக் கிடக்கின்றது. பணிப்பாளர் தம் முதல் வாரத்திலே நாட்காட்டியை ஒருபுறம் வைத்துவிட்டு அந்த நான்காவது கட்டத்தோடு அறை அறையாகச் செல்லலாம். தையற்காரி என்று எழுதினால் முடியாது. எந்த ஆலையில், என்ன கூலிக்கு, எந்த வேலைநிறுத்தத்தில், ஊசி எந்த விரலில் ஏறியது என்று கேட்க நேரும். சொல்பவர் களைத்துப்போனால் மறுநாள் வரலாம். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டலாம். சாய்கோட்டுக்கு இப்புறமும் அப்புறமும் எழுதப்போவது என்ன என்று நாற்காலியைத் தள்ளிவந்த உதவியாளரும் சற்று நின்று கேட்கக்கூடும். அவருக்கும் சொல்ல ஏதேனும் இருக்கும்.